சொரியாசிஸுக்கு பயாலஜிக் ஊசி போட்டால் பழைய ஹெர்பிஸ் திரும்புமா, மரு வருமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். தப்பாகப் புரிந்துகொண்டு நீளமாக எழுதினால் இருவருக்கும் வீண். வயது முப்பதுகளில். பல வருடச் சொரியாசிஸ். தலை, முழங்கையோடு நிற்காமல் இப்போது தொடை இடுக்கிலும் ஆணுறுப்பிலும் வந்துவிட்டது. மெத்தோட்ரெக்சேட் மாத்திரையில் கட்டுப்படவில்லை, தோல் மருத்துவர் செகுகினுமாப் என்ற பயாலஜிக் ஊசி, அதாவது எதிர்ப்பு மண்டலத்தில் ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தடுக்கும் ஊசி, போடலாம் என்கிறார். கல்யாணத்துக்கு முன்பு ஒருமுறை அந்த இடத்தில் ஹெர்பிஸ் வந்து ஆறியிருக்கிறது. ‘எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற ஊசி’ என்று யாரோ சொன்னதிலிருந்து பயம்: ஹெர்பிஸ் திரும்ப வருமா, எச்.பி.வி. என்ற வைரஸால் அந்த இடத்தில் மரு வருமா, மனைவிக்குப் போகுமா. எழுதியது மூன்று கேள்வி. உள்ளே இருப்பது ஒன்றுதான்: இந்த ஊசியை ஆரம்பிக்கலாமா, வேண்டாமா?

ஆரம்பிக்கலாம். எப்போதோ ஒருமுறை ஹெர்பிஸ் வந்தது அந்த ஊசிக்குத் தடை இல்லை. ஆனால் ஆரம்பிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன, அவற்றில் பாதியை நோயாளிகளும் மருத்துவர்களும் கூச்சத்தினாலேயே தாண்டிப் போய்விடுகிறோம். நான் தோல் மருத்துவத்தில் பல வருடங்களாக இருப்பவன். இந்தியாவில் எங்கள் பட்டமேற்படிப்பில் தோல், பால்வினை நோய், தொழுநோய் மூன்றும் ஒன்றாகத்தான் வருகின்றன. அதனால் உங்கள் தோல் மருத்துவரிடம் இந்தப் பேச்சை எடுக்கத் தயங்க வேண்டாம், அது அவர் படித்த படிப்புதான்.

‘எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும்’ என்ற சொல்தான் இவ்வளவு பயத்துக்கும் காரணம். சைக்ளோஸ்போரின் மாதிரியான பழைய மாத்திரைகள் தெருவுக்கே கரண்டை நிறுத்துபவை. செகுகினுமாப் ஒரு வீட்டின் ஒரு ஃப்யூஸை மட்டும் பிடுங்குவது. அது பிடுங்கும் ஃப்யூஸின் பெயர் இன்டர்லூக்கின்-17ஏ, எதிர்ப்பு செல்கள் தகவல் அனுப்பப் பயன்படுத்தும் ஒரு புரதம். உடம்பில் அதன் முக்கிய வேலை, தோலிலும் வாய், பிறப்புறுப்பு போன்ற ஈரமான பரப்புகளிலும் பூஞ்சையையும் சில பாக்டீரியாக்களையும் விரட்டுவது. வைரஸை அடக்குவது பெரும்பாலும் வேறு ஆட்களின் வேலை: இன்டர்ஃபெரான், இயற்கைக் கொல்லி செல்கள், சி.டி.8 டி செல்கள். செகுகினுமாப் இவர்களை நேரடியாகத் தொடுவதில்லை.

இது ஏட்டளவில் சொல்லும் தர்க்கம் மட்டும் இல்லை. பிறவியிலேயே இந்த இன்டர்லூக்கின்-17 பாதை பழுதாகிப் பிறக்கும் குழந்தைகள் உலகத்தில் அபூர்வமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு வாயிலும் நகத்திலும் தோலிலும் கேண்டிடா பூஞ்சை விடாமல் வருகிறது. ஹெர்பிஸும் மருவும் அவர்களைக் குறிப்பாகத் தேடி வருவதில்லை. இன்டர்லூக்கின்-12, 23 இரண்டுக்கும் பொதுவான புரதம் இல்லாமல் பிறப்பவர்களுக்கு டி.பி. குடும்பத்துக் கிருமிகளும் சால்மொனெல்லாவும்தான் தொல்லை. எந்தப் பாதையை அடைத்தால் எந்தக் கிருமி உள்ளே வரும் என்பதை இயற்கையே இப்படிக் காட்டிவிட்டது, அதுவும் ஆயுள் முழுக்க முற்றாக அடைத்து. மாதம் ஒரு ஊசி அந்த அளவுக்கு அடைப்பதில்லை. மருந்து நிறுவனங்களின் ஆய்வுகளைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம்.

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன? செகுகினுமாபின் ஐரோப்பிய மருந்துக் குறிப்பில் உதட்டு ஹெர்பிஸ் ஒரு பக்கவிளைவாக இடம்பெற்றிருக்கிறது. இன்டர்லூக்கின்-23ஐத் தடுக்கும் குசெல்குமாபின் அமெரிக்கக் குறிப்பில் இன்னும் தெளிவாக எண்ணே இருக்கிறது: முதல் 16 வாரத்தில் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வந்தவர்கள் 1.1 சதவீதம், வெற்று ஊசி போட்டவர்களில் 0.5 சதவீதம். உதடு, மூக்கு, பிறப்புறுப்பு எல்லாவற்றையும் சேர்த்த கணக்கு இது. அதாவது வித்தியாசம் இருக்கலாம், ஆனால் நூற்றில் ஒருவர் என்ற அளவில், வழக்கமான மாத்திரையில் அடங்கும் ஒரு நோய்க்கு. ‘எல்லோருக்கும் திரும்ப வரும்’ என்பது பொய். ‘வரவே வராது’ என்பதும் பொய்.

இந்த எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆய்வுகளில் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி (மஞ்சள் காமாலை பி) வைரஸ் மாதிரித் தொற்று உள்ளவர்களைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. வெற்று ஊசியோடு ஒப்பிடுவது சில மாதங்கள் மட்டும். அதன் பிறகு எல்லோருக்கும் மருந்தே. பிறப்புறுப்பில் மரு இருக்கிறதா என்று ஒவ்வொரு வருகையிலும் தேடிப் பார்ப்பதும் வழக்கமில்லை, நோயாளி சொன்னால் பதிவாகும். ஆகவே ஹெர்பிஸைப் பற்றி ஓரளவு உறுதியாகப் பேசலாம். பிறப்புறுப்பு மருவைப் பற்றி அவ்வளவு உறுதி கிடையாது. டி.என்.எஃப். தடுப்பான் (அந்தப் பெயருள்ள அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் இன்னொரு வகை பயாலஜிக்) போட்டவர்களுக்கு மருவும் பாலுண்ணியும் (மொலஸ்கம் என்ற வைரஸ் கட்டி) கொத்தாகக் கிளம்பியதாகத் தனித்தனி நோயாளிக் குறிப்புகள் இதழ்களில் வந்திருக்கின்றன. அதே நேரத்தில் மெத்தோட்ரெக்சேட் போட்டவர்களைப் பற்றியும் அப்படிக் குறிப்புகள் உண்டு. தனிக் குறிப்புகளை வைத்து ஊசிதான் காரணம் என்று கை காட்ட முடியாது.

எல்லா பயாலஜிக்கையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது என்பதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. எஃபாலிசுமாப் என்று ஒரு சொரியாசிஸ் ஊசி இருந்தது. டி செல்கள் ரத்தத்திலிருந்து வெளியேறி வேண்டிய இடத்துக்குப் போவதையே அது தடுத்தது. அதைப் போட்டவர்களில் சிலருக்கு ஜே.சி. வைரஸ் மூளையைத் தாக்கியதால் 2009இல் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். பயாலஜிக்கால் வைரஸ் ஆபத்தே இல்லை என்று சொல்பவருக்கு இதை நினைவூட்டலாம். இன்று உள்ளவற்றில் வைரஸ் விஷயமாக நான் அதிகம் யோசிப்பது டி.என்.எஃப். தடுப்பான்களைப் பற்றி: எட்டனர்செப்ட், அடாலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப். அதுகூட ஹெர்பிஸுக்காக இல்லை, உடலுறவில் தொற்றக்கூடிய இன்னொரு வைரஸுக்காக: ஹெபடைட்டிஸ் பி. ஈரலில் அடங்கிக் கிடக்கும் இந்த வைரஸ் இந்த ஊசிகளால் மீண்டும் தலைதூக்கி, ஈரலையே செயலிழக்க வைக்கும் அளவுக்குப் போகக்கூடும். நீங்கள் பயப்படும் இரண்டையும்விடப் பெரிய ஆபத்து இதுதான், ஆனால் இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ரத்தத்தில் ஒரு எளிய சோதனை செய்தால் தெரிந்துவிடும். இருந்தால் என்டகேவிர், டெனோஃபோவிர் மாதிரி மாத்திரை கொடுத்துப் பாதுகாத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடர வழியும் உண்டு.

இன்னொன்றையும் சரிபாருங்கள். ஊசிக்குச் செலவு அதிகம் என்பதால் ‘அதே மாதிரி வேலை செய்யும் மாத்திரை’ என்று டோஃபாசிடினிப் எழுதிக்கொடுப்பது நம் ஊரில் நடக்கிறது. அது பயாலஜிக் கிடையாது. ஜாக் என்ற நொதிகளைத் தடுப்பது. இன்டர்ஃபெரானின் தகவல் செல்லுக்குள் போவதே அந்த நொதிகள் வழியாகத்தான். அதனால் அதில் அக்கி, அதாவது ஹெர்பிஸ் சோஸ்டர், கூடுதலாக வருவது நன்றாகவே நிரூபணமான விஷயம். வைரஸைப் பற்றித்தான் உங்கள் கவலை என்றால், செகுகினுமாபைவிட இந்த மாத்திரைக்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும்.

இனி மருவைப் பற்றி. பிறப்புறுப்பு மருவில் பத்தில் ஒன்பது எச்.பி.வி. 6, 11 வகைகளால் வருவது. இவை புற்றுநோய் வகைகள் அல்ல. வைரஸ் தொற்றிய சில வாரங்களிலும் மரு வெளியே தெரியலாம், பல மாதம் கழித்தும் தெரியலாம், சிலருக்கு வருடக்கணக்கிலும் ஆகலாம். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஊசி ஆரம்பித்து நான்கைந்து மாதத்தில் ஒரு மரு வந்தால் வீட்டில் இரண்டு குற்றவாளிகள் உடனே தயாராகிவிடுகிறார்கள்: ஒன்று ஊசி, இன்னொன்று கணவனோ மனைவியோ. கல்யாணத்துக்கு முன்பே தொற்றிய வைரஸ் இப்போது தலைகாட்டியிருக்கலாம். மருவின் தேதியை வைத்து யார், எப்போது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. சொன்னால் நம்பாதீர்கள்.

மரு வந்தால் சிகிச்சையில் சொரியாசிஸ்காரர்களுக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வீட்டிலேயே தடவிக்கொள்ள இமிக்விமாட் கிரீம் எழுதிக்கொடுப்பது வழக்கம். அது அந்த இடத்தில் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிட்டு மருவைக் கரைக்கிறது. அதே தூண்டுதல் சொரியாசிஸையும் கிளப்பிவிடும். ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்குச் சொரியாசிஸ் மாதிரிப் படை வரவைக்க இந்தக் கிரீமைத்தான் முதுகில் தடவுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உறைய வைப்பதும் கரண்டில் சுடுவதும்கூட அந்தக் காயத்திலேயே புதுப் படை முளைக்க இடம் கொடுக்கலாம். ஆனாலும் ஊசியில் சொரியாசிஸ் அடங்கியிருக்கும் நேரத்தில் நான் இவற்றையே விரும்புவேன், ஒரு தடவைக்குச் சில மருக்கள் வீதம். மருவைப் பார்க்கிறவர் வேறு மருத்துவர் என்றால் ‘எனக்குச் சொரியாசிஸ் இருக்கிறது’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

என் அனுபவத்தில், அந்த இடத்தில் வைரஸ் மோசமாகப் பரவக் காரணம் பெரும்பாலும் பயாலஜிக் ஊசி இல்லை, மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் களிம்புதான். குளோபெட்டசால், கூட ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஆன்டிபயாடிக், எல்லாம் ஒரே டியூபில். தொடை இடுக்கில் எது வந்தாலும் அதைத் தடவுகிறார்கள். அங்கே தோல் மெல்லிசு, ஸ்டீராய்டு நிறைய உள்ளே போகும். முதல் வாரம் சிவப்பு மறைந்து ‘சரியாகிவிட்டது’ போலத் தெரியும். அடியில் படர்தாமரையும் மருவும் பாலுண்ணியும் நிம்மதியாகப் பெருகும். தோல் மெலிந்து கோடு விழும். நீங்கள் இப்போது என்ன தடவிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அந்த டியூபை அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

எது எது என்று அடையாளம் தெரிவதும் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். அந்த மடிப்புகளில் சொரியாசிஸ் முழங்கையில் இருப்பது போல வெள்ளிச் செதிலோடு வராது. வழவழப்பாக, பளபளவென்று சிவந்து, ஓரம் வரைந்தது போல இருக்கும். வாரக்கணக்கில் இடம் மாறாமல் உட்கார்ந்திருக்கும். ஹெர்பிஸ் அப்படி இல்லை. ஒரு நாள் முன்னதாகக் குறுகுறுப்பு, எரிச்சல். அப்புறம் சின்னச் சின்னக் கொப்புளங்கள் ஒரே கொத்தாக. உடைந்து புண்ணாகி, பத்து நாளைக்குள் பெரும்பாலும் ஆறிவிடும், அதே இடத்தில் திரும்பவும் வரும். மரு சொரசொரப்பாக மேலே எழும்பி நிற்கும், வலிக்காது. பாலுண்ணிக்கு நடுவில் ஒரு குழி. ஆணுறுப்பின் நுனி விளிம்பைச் சுற்றி வரிசையாக முத்து போல இருக்கும் சின்னப் பருக்கள் பல ஆண்களுக்கு இயற்கையாகவே உண்டு. அதை மரு என்று பயந்து சுட்டுக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கொப்புளம் வந்ததும் அக்கி எழுதி, காவி காய்ந்த நிலையில் வருகிறவர்களும் உண்டு. அந்தப் பூச்சு மறைத்துவிட்டால் எனக்குக் கொப்புளமும் தெரியாது, அதன் கொத்தும் தெரியாது.

ஊசி ஆரம்பித்த பிறகு அந்த இடத்தில் திடீரென்று சிவந்து, அரித்து, தயிர் போல வெள்ளையாகப் படிந்தால், அது பெரும்பாலும் வைரஸ் இல்லை, கேண்டிடா. முதலில் சொன்ன ஃப்யூஸ் நினைவிருக்கும். செகுகினுமாபில் உண்மையாகவே கூடுவது இதுதான். சர்க்கரை நோய்க்கு டாபாகுளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும், அது சிறுநீரில் சர்க்கரையை இறக்கிவிடுவதால் அதே பூஞ்சைக்குத் தீனி போடும். பெரும்பாலும் புளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரையிலோ கிரீமிலோ அடங்கிவிடும், ஊசியை நிறுத்தத் தேவை வராது.

ஊசிக்கு முன் என்ன செய்வது? நெஞ்சு எக்ஸ்ரே, டி.பி.க்கான மான்டூ அல்லது இக்ரா சோதனை இவற்றை உங்கள் மருத்துவர் எப்படியும் கேட்பார். கூடவே ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றும் வேண்டும். எச்.ஐ.வி. சோதனையைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிலருக்கு அந்தத் தொற்று முதன்முதலில் வெளியே தெரிவதே அடங்காத சொரியாசிஸாகத்தான். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் இது இலவசம், ரகசியமும் காக்கப்படும். ஹெபடைட்டிஸ் பி இல்லை, தடுப்பூசியும் போட்டதில்லை என்றால் ஊசிக்கு முன்பே அதன் தவணைகளைத் தொடங்குங்கள். எச்.பி.வி. தடுப்பூசி உயிருள்ள கிருமி கொண்டது அல்ல, பயாலஜிக் போடும்போதும் போடலாம். புனேயில் தயாராகும் செர்வாவாக் 6, 11, 16, 18 நான்கு வகைகளையும் தடுப்பது, இரு பாலருக்கும் 9 முதல் 26 வயது வரை. உங்கள் வயதில் பலன் குறைவு, இருக்கிற மருவை அது கரைக்கவும் செய்யாது. மனைவியின் வயது அதற்குள் இருந்தால் அவருக்கு யோசிக்கலாம். எப்படியும் அவர் வயதுக்கேற்ற கருப்பைவாய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அம்மை, மஞ்சள் காய்ச்சல் போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை மட்டும் பயாலஜிக் போடும் காலத்தில் தவிர்க்க வேண்டும்.

பணத்தை வீணாக்கும் ஒரு சோதனையையும் சொல்லிவிடுகிறேன்: ‘எச்.எஸ்.வி. 1, 2 ஐ.ஜி.எம்.’ என்று லேப் பாக்கேஜ்களில் வருவது, அதாவது ஹெர்பிஸ் வைரஸின் டைப் 1, டைப் 2 இரண்டுக்கும் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது. உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு டைப் 1 ஏற்கெனவே இருக்கிறது. டைப் 2, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 15 முதல் 49 வயதுவரை உள்ளவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு. எங்கே இருக்கிறது, எப்போது வந்தது என்று ரத்தத்தில் தெரியாது, ஐ.ஜி.எம். பல நேரம் பொய்யாக பாசிட்டிவ் காட்டி வீட்டில் சண்டை மூட்டும். கொப்புளம் புதிதாக இருக்கும்போது அதிலிருந்தே எடுத்துச் செய்யும் பி.சி.ஆர். தான் சரியான சோதனை.

மனைவியைப் பற்றி. சொரியாசிஸ் தொற்றாது, ஊசி மருந்தும் அவருக்குப் போகாது. ஹெர்பிஸ் போகலாம், கொப்புளம் இல்லாத நாளிலும் சிறிதளவு. குறுகுறுப்பு ஆரம்பித்த நேரத்திலிருந்து முழுக்க ஆறும்வரை உறவைத் தவிர்ப்பதும், மற்ற நாளில் ஆணுறையும் அபாயத்தை நன்றாகக் குறைக்கும், பூஜ்யமாக்காது. இங்கே ஒரு சின்ன விஷயத்தை யாரும் சொல்வதில்லை: சொரியாசிஸுக்காக வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவியிருந்தால் ரப்பர் ஆணுறை அதில் பலவீனமாகிக் கிழிந்துவிடும். எண்ணெய்ப்பசை உள்ள களிம்பும் அப்படித்தான். அதைக் கழுவித் துடைத்துவிட்டு, தண்ணீர் சார்ந்த ஜெல்லைப் பயன்படுத்துங்கள். உராய்வு குறைந்தால் படை கிளம்புவதும் குறையும். அவர் கர்ப்பமாக இருந்தாலோ திட்டமிட்டாலோ உங்கள் பழைய ஹெர்பிஸை அவருடைய மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் தாய்க்கு முதன்முறையாகத் தொற்றினால் பிரசவத்தில் குழந்தைக்கு ஆபத்து.

ஊசி நடுவில் ஹெர்பிஸ் வந்தேவிட்டால்? வாலாசைக்ளோவிர் என்ற ஹெர்பிஸ் மாத்திரையைக் குறுகுறுப்பு வந்த அன்றே ஆரம்பித்தால் மூன்று நாள் போதும் என்பது வழக்கமான கணக்கு. அதனால் மருத்துவரிடம் முன்கூட்டியே சீட்டு வாங்கி மாத்திரையைக் கையில் வைத்திருப்பது நல்லது. அந்த வாரம் ஊசி நாள் வந்தால் புண் ஆறும்வரை சில நாள் தள்ளிப்போடலாம், தானாக நிறுத்திவிடக் கூடாது. அடிக்கடி வந்தால் தினம் ஒரு மாத்திரை என்று மாதக்கணக்கில் தடுப்பாகச் சாப்பிடும் முறையும் இருக்கிறது, ஊசியோடு சேர்த்தே. புண் பத்து நாள் தாண்டியும் ஆறாமல் பெருகினாலோ, சிறுநீர் போக முடியாமல் வலித்தாலோ, காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்தாலோ வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். நேரில் பார்க்காமல் நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். ஹெபடைட்டிஸ் பி சோதனை பாசிட்டிவ் என்று வந்தால், அல்லது மருத்துவர் செகுகினுமாபை மாற்றி வேறு மருந்தின் பெயரைச் சொன்னால், மறுபடி எழுதுங்கள். என் பதிலில் பாதி மாறும்.